வந்து வந்து போகிற கோளாறை நின்ற இடத்திலேயே பிடிப்பது

பட்டறைக்குக் கொண்டுபோனால் வண்டி அருமையாக ஓடும். வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் நின்றுவிடும். பழைய ஸ்பிளெண்டர், சிடி 100 மாதிரி, கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பைக்குகளில் இந்தக் கோளாறு பிடிபடாமல் போவது, பெரும்பாலும் இன்ஜின் ஆறிய பிறகு பார்ப்பதால்தான். நின்ற இரண்டு நிமிடத்துக்குள், நின்ற இடத்திலேயே பார்க்கணுங்க. அதற்கு பிளக் ஸ்பேனர், புது பிளக் ஒன்று, ஸ்க்ரூடிரைவர், சின்னக் கண்ணாடி பாட்டில், இவ்வளவும் வண்டியிலேயே இருக்கட்டும்.

எப்படி நின்றது என்பதை முதலில் நினைவில் வைங்க. விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம். திணறி, இழுவை குறைந்து, சோக் போட்டால் கொஞ்சம் உயிர் வந்து பிறகு நின்றால் பெட்ரோல் பக்கம்.

நின்றதும் டேங்க் மூடியைத் திறங்க. 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அடுத்த சில உதையில் ஸ்டார்ட் ஆனால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோலும் இறங்காது. டேங்க் நிரம்பியிருக்கும்போது இது சீக்கிரம் வரும், ஏனென்றால் மேலே காற்றுக்கு இடம் குறைவு. மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி ஊதினால் போதும்.

அடுத்து ஸ்பார்க். பெட்ரோலைத் தொடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடணும், சிந்திய பெட்ரோல் பக்கத்தில் பொறி விடக் கூடாது. மூடியை மூடிவிட்டு, பழைய பிளக்கை இன்ஜினிலேயே விட்டு, புது பிளக்கை ஒயர் முனையில் இருக்கும் கேப்பில் மாட்டி, அதன் உடம்பை இன்ஜின் தலையின் (ஹெட்) வெறும் உலோகத்தில் அழுத்தி வைத்து, சாவி போட்டு உதைங்க. நிழலில் பாருங்க. நீலமாகச் 'சட் சட்' என்று அடித்தால் கரண்ட் சரி. சிவந்து மெலிந்திருந்தாலோ, இல்லவே இல்லாவிட்டாலோ கரண்ட் கோளாறுதான்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் கார்பரேட்டர் அடியில் இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, சூடான இன்ஜினில் சிந்தாமல் பாட்டிலில் பிடிங்க. கார்பரேட்டர் கிண்ணத்தில் இருந்தது முதலில் வேகமாகத்தான் வரும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அரை நிமிடம் விட்டும் ஒரே தாரையாக வந்தால் வரத்து சரி. சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் பில்டரையும், அங்கிருந்து வரும் ஹோஸையும் பாருங்க. பாட்டில் அடியில் தனி அடுக்காக ஏதாவது தேங்கினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அதிகமானால், எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்க்கை முழுதாக வடிப்பதைத் தவிர வழியில்லை. துருத்தூள் வந்தாலும் அப்படித்தான். ஓடும்போது மெயின் ஜெட்டில் (கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னப் பித்தளைத் துளை) போய் அடைக்கும், நின்றதும் கீழே விழுந்துவிடும், அதனால்தான் வண்டி மறுபடி ஓடுகிறது. டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் கார்பரேட்டரை எத்தனை முறை கழற்றினாலும் வீண். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீங்க, பித்தளைத் துளை பெரிதாகிவிடும். காற்றடித்தால் போதும்.

கரண்ட் பக்கம் என்றால் உடனே சிடிஐ (ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்று இயக்கும் மின்னணுப் பெட்டி) வாங்க ஓட வேண்டாம். பேட்டரி இல்லாமலும் ஓடும் பழைய சிடிஐ வண்டிகளில், சாவியை அணைத்தால் இன்ஜின் நிற்பது, சிடிஐயிலிருந்து வரும் ஓர் ஒயர் வண்டியின் உலோக உடம்போடு சேர்ந்து எர்த் ஆவதால். ஹோண்டா வகையில் அது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர். ஹேண்டில் கழுத்தில் அது உரசித் தேய்ந்து வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால், சாவியை அணைத்ததற்குச் சமம். வண்டியை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்க, ஒயர் கட்டை அசைங்க, சாவியை ஆட்டுங்க. அப்போதும் தெரியாவிட்டால் அந்த ஒயரை மட்டும் கனெக்டரில் பிரித்துவிட்டு ஓட்டுங்க. சாவியில் இன்ஜின் அணையாது. நிறுத்த, கியரில் போட்டு பிரேக்கை அழுத்தி கிளட்சை மெதுவாக விடணும். கோளாறு திரும்பி வராவிட்டால் குற்றம் சாவிப் பூட்டிலோ அந்த ஒயரிலோதான்.

சூடானால் மட்டும் நின்று, 15-20 நிமிடம் ஆறினால் கிளம்பும் வண்டிக்கு காயிலைச் சந்தேகிக்கணும். ஆறியிருக்கும்போது மல்டிமீட்டரில் ஸ்டேட்டர் காயில் (கரண்ட் உண்டாக்குவது), பல்சர் காயில் (ஸ்பார்க் நேரத்தைச் சொல்வது), இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் கரண்ட் தருவது) மூன்றின் ஓம்சையும், அதாவது மின்தடையையும், எழுதி வைங்க. நின்ற கையோடு மறுபடி அளங்க. செம்புக் கம்பியில் 10 டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் கூடும். 60 டிகிரி ஏறினால் கால் பங்கு கூடுவது இயல்பு. எண் தாறுமாறாகக் குதித்தாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ அந்தக் காயில் போய்விட்டது.

மழையில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் (இன்ஜின் விட்டு விட்டு ஓடினால்) பெரும்பாலும் பிளக் கேப்பில் விரிசல். திருப்பூர், பல்லடம் பக்கம் பஞ்சும், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசியும் ஏர் பில்டரை அடைக்கும். ஆனால் அது வந்து வந்து போகாது, எப்போதுமே இழுவையைக் குறைக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நின்ற அதே பாரத்தோடும் வெயிலோடும் ஓட்டிப் பாருங்க. ஏற்றம் வேண்டுமென்று சத்தியமங்கலம் பக்கம் இருக்கும் திம்பம் மலைக்குப் போகாதீங்க. புலிகள் காப்பகம், யானை நடமாடும் 27 கொண்டை ஊசி வளைவு, அங்கே நின்றுபோனால் பிளக்கைக் கழற்றிக்கொண்டு உட்கார முடியாது. காங்கேயம் - வெள்ளகோவில் சாலையில் உச்சி வெயிலில், இரண்டு பேர் ஏறி 30 கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டினாலே சூட்டில் வரும் கோளாறு பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.