குடல் அழற்சிக்கு ஸ்டீராய்டு எடுக்கும்போது திடீர்ப் படபடப்பு வந்தால்

குடல் அழற்சி நோய்களான அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ க்ரோன்ஸ் நோயோ முற்றும்போது டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. வழக்கமாகக் காலையில் 40 மி.கி.யில் தொடங்கி, நோய் கட்டுக்குள் வந்ததும் வாரத்துக்கு 5 மி.கி. வீதம் குறைப்பார்கள். ரத்தப்போக்கு அடங்கத் தொடங்கும் அதே நாட்களில்தான் சிலருக்கு நடுராத்திரியில் நெஞ்சு படபடவென்று அடித்து, கை நடுங்கி, வியர்த்து, உயிர் போய்விடும் போலப் பயம் வரும். "நோயை நினைத்தே கவலைப்படுகிறாய்" என்று வீட்டில் சொல்வார்கள். கவலை இருக்கலாம்; ஆனால் மாத்திரையும் இதைச் செய்யும். முதல் இரண்டு வாரங்களில்தான் இது அதிகம். அளவு கூடக்கூட வாய்ப்பும் கூடும்: ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் நடத்தி 1972-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், நாளுக்கு 40 மி.கி. வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், 80 மி.கி.க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதத்தினருக்கும் கடுமையான மனநலப் பாதிப்பு ஏற்பட்டது.

ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹைட்ரோகார்டிசோன் ஊசி 100 மி.கி. ஆறு மணிக்கு ஒரு தரம் என்றால் நாளுக்கு 400 மி.கி.; அது பிரெட்னிசலோன் 100 மி.கி.க்குச் சமம். அங்கே தூங்காமல் தவித்தவர் வீட்டுக்கு வந்து 40 மி.கி.க்கு மாறியதும் தெளிவடைவது இதனால்தான்.

படபடப்பு வந்த அந்த நேரத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். முதுகுக்குச் சாய்வு இருக்கட்டும். மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வேகவேகமாக மூச்சு வாங்குவதால்தான் விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும். காகிதப் பையில் மூச்சு விட வேண்டாம். பிறகு மணிக்கட்டில் நாடியை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கிக் குறித்துவையுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், குறிப்பாக மதியத்துக்கு மேல். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் அதுவே நடுக்கத்துக்கும் வியர்வைக்கும் காரணமாக இருக்கும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பேனிக் அட்டாக் (திடீரெனக் கிளம்பும் பயமும் படபடப்பும்) பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணிக்குள் வடிந்துவிடும்.

வடியாவிட்டால் 'பயம்தான்' என்று படுத்துவிடக் கூடாது. குடல் அழற்சி உள்ளவருக்கு ரத்தம் உறையும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். மூச்சு வாங்குவது நிற்காமல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். குடல் அழற்சிக்கான மெசலமைன் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் நெஞ்சுவலியும் காய்ச்சலும் வந்தால், அரிதாக இதயத் தசையிலோ அதன் உறையிலோ அழற்சி ஏற்பட்டிருக்கலாம். இன்ஃப்ளிக்சிமாப் என்ற உயிரியல் மருந்து டிரிப்ஸாக ஏறும்போது முகம் சிவந்து நெஞ்சு இறுகினால் அது ஒவ்வாமை. உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, அரை மணிக்குப் பிறகும் 120-க்கு மேல் ஓடும் நாடி, தற்கொலை எண்ணம், இரண்டு நாள் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுவது: எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

முதல் தடவை வந்தால், மறுநாளே ஈசிஜி, ஹீமோகுளோபின், பொட்டாசியம், சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுவது நல்லது. பேதியாலும் ஸ்டீராய்டாலும் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். வாரக்கணக்கில் ரத்தம் போனவருக்குச் சோகையே படபடப்பைத் தரும். இதைப் பார்க்காமல் நேராகத் தூக்கமாத்திரை எழுதி அனுப்புவது அவசரப்பட்டுச் செய்யும் வேலை.

மாத்திரைப் பையையும் கொட்டிப் பாருங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, வாயுத் தொல்லைக்கு எழுதப்படும் லெவோசல்பிரைடு இரண்டும் உட்காரவிடாத ஒரு தவிப்பைக் கிளப்பும். கால்கள் நடந்துகொண்டே இருக்கச் சொல்லும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் பதற்றத்தைத் தரக்கூடியது. கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாட்டிக்), இட்ராகொனசோல் (பூஞ்சை மருந்து) போன்றவை பிரெட்னிசலோன், இன்னொரு ஸ்டீராய்டான புடெசோனைடு இரண்டையும் உடம்பில் தேக்கிவைக்கும். அட்டையில் எத்தனை மி.கி. என்று படியுங்கள். 5 மி.கி.க்குப் பதில் 10 மி.கி. அட்டை வந்து, பழைய கணக்கிலேயே எட்டு மாத்திரை விழுங்கினால் 80 மி.கி. ஆகிவிடும்.

என்ன ஆனாலும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவருக்கு, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று ஆபத்தில் கொண்டுபோய்விடும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும்வரை செய்யக்கூடியவை உண்டு. முழு அளவையும் காலை எட்டு மணிக்குள், சாப்பிட்டவுடன் எடுங்கள். இரவில் ஒரு பங்கு எழுதியிருந்தால் காலைக்கு மாற்றலாமா என்று போனில் கேளுங்கள். இரவில் எடுப்பதும் தூக்கத்தைக் கெடுக்கும். காபியைக் காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். அது குடலையும் கிளறும்.

ஒரு நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: மாத்திரை எடுத்த நேரமும் அளவும், படபடப்பு தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், நாடி, அன்று எத்தனை தடவை மோஷன். ஒரு வாரக் குறிப்பு இருந்தால் டாக்டருக்கு முடிவெடுப்பது சுலபம்: சீக்கிரம் குறைக்கலாமா, 9 மி.கி. புடெசோனைடுக்கு மாற்றலாமா, உயிரியல் மருந்துக்குப் போகலாமா என்று. புடெசோனைடு பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடுவதால் மனதைத் தொடுவது குறைவு. ஆனால் தீவிர நோய்க்கு அது போதாது. மாற்ற வழியில்லை என்றால், ஸ்டீராய்டு முடியும்வரை மட்டும் பதற்றத்துக்கு மருந்து கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், படபடப்பைக் குறைக்கத் தரும் புரோபிரனலால் ஆகாது. இடையில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அளவு 10 மி.கி.க்குக் கீழே வந்தபின் புதிதாகப் படபடப்பு தொடங்கினால் காரணம் வேறாக இருக்கலாம்: குறைப்பது வேகமாகி, சுரப்பி இன்னும் விழிக்காதது. சோர்வும் உடம்புவலியும் சேர்ந்து வந்தால் காலை எட்டு மணிக்குக் கார்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்) பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு எடுப்பதா என்று முன்பே கேட்டுவையுங்கள்.

எல்லாம் அடங்கியதும், எந்த அளவில், எத்தனையாவது நாளில், எப்படி வந்தது என்று ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை நோய் கிளம்பும்போது ட்யூட்டி டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊசி எழுத வேண்டும்.