பிஎம் கிசான் 2000 ரூபா வரலையா? எங்க மாட்டியிருக்குனு இப்படி பாருங்க

2020 ஏப்ரல், லாக்டவுன் போட்ட புதுசு, திண்டிவனம் பக்கம் எங்க கொல்லையில தர்பூசணி பழுத்து கெடக்கு, லாரியும் வரல வியாபாரியும் வரல, அந்த நேரத்துல அப்பா அக்கவுண்ட்ல 2000 ரூபா ஏறுச்சு. அத கொரோனா பணம்னே எங்க ஊர்ல இன்னும் சொல்றாங்க. ஆனா அது பிஎம் கிசான் பணம்தாங்க, அதாவது சொந்த நிலம் இருக்கற விவசாயிங்களுக்கு மத்திய அரசு தர்ற உதவித்தொகை, வருசத்துக்கு 6000, நாலு மாசத்துக்கு ஒரு தவணை, அந்த வருசத்து முதல் தவணைய ஏப்ரல் தொடக்கத்துலயே போட்டாங்க. அதனால கொரோனா முடிஞ்சுது, பணமும் முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க.

மொதல்ல எந்த ஆபீஸுக்கும் அலையாதீங்க. பிஎம் கிசான் வெப்சைட்ல ரிஜிஸ்டர் நம்பர் போட்டு ஸ்டேட்டஸ் பாருங்க, நம்பர் மறந்திருந்தா மொபைல் நம்பரோ ஆதாரோ போட்டு அங்கயே எடுக்கலாம். அதுல இகேஒய்சி (ஆதார் வச்சு நீங்கதான்னு உறுதி பண்றது), லேண்ட் சீடிங் (உங்க நிலத்து விவரத்த சேக்கறது), ஆதார் பேங்க் சீடிங் (பேங்க் அக்கவுண்ட்ல ஆதார இணைக்கறது)னு மூணு இருக்கும். எதுல "நோ"ன்னு காட்டுதோ அங்கதான் மாட்டியிருக்கு.

இகேஒய்சிய ஆதார்ல இருக்கற மொபைலுக்கு ஓடிபி வந்தா வீட்லயே முடிச்சிடலாம். இல்லன்னா கைரேகை வைக்கணும், வயசானவங்களுக்கு அதுதான் பெரிய பாடு. எங்கப்பாவுக்கு மம்முட்டி புடிச்சு புடிச்சு ரேகையே தேஞ்சு போச்சு, விரல தொடச்சு தொடச்சு நாலு தடவ வச்சும் மெஷின் எடுக்கல, மனுசன் மொகம் சுருங்கிப் போச்சு. அப்புறம் பிஎம் கிசான் ஆப்ல மொகத்த காட்டி முடிச்சோம், 2023ல இருந்து அந்த வசதி இருக்கு.

லேண்ட் சீடிங் நோன்னா பட்டா, சிட்டா, ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கு போங்க. பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பேர்ல இருந்தா இறப்பு சான்று, வாரிசு சான்று வச்சு மொதல்ல பட்டா மாத்தணும். 2019 பிப்ரவரி 1க்கு அப்புறம் கிரயம் வாங்குன நிலத்துக்கு பணம் கெடையாது, வாரிசா வந்ததுக்கு உண்டு. வருமான வரி கட்டுறவங்களுக்கு இல்ல, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான். குத்தகைக்கு பயிர் வைக்கிறவங்களுக்கும் ஒண்ணும் இல்ல, வெயில்ல நின்னு பாடுபடுறது அவங்கதான், இது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

மூணாவது பேங்க் வேலை. பல பேருக்கு ரெண்டு மூணு அக்கவுண்ட் இருக்கும், கடைசியா எதுல ஆதார் இணைச்சு மானியம் வாங்க ஒத்துக்கிட்டீங்களோ அதுக்குத்தான் போகும், பழைய பாஸ்புக்க மட்டும் என்ட்ரி போட்டுட்டு வரலைன்னு நினைக்காதீங்க, மத்ததையும் பாத்துடுங்க.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். யாராவது கொரோனா பணம் வாங்கித் தரேன், நிவாரணம் வாங்கித் தரேன்னு வந்தா ஆதாரையும் பாஸ்புக்கையும் குடுத்துடாதீங்க. 2020ல நம்ம தமிழ்நாட்ல அப்படித்தான் நிலமே இல்லாத ஜனங்களையெல்லாம் விவசாயின்னு ஏத்தி, அஞ்சு லட்சத்துக்கும் மேல தகுதியில்லாத பேருக்கு 110 கோடி ரூபா போயி, கேஸ் சிபிசிஐடி போலீஸ் வரைக்கும் போச்சு. கூலி வேலைக்கு போற பாவப்பட்ட ஜனங்க, வாங்கின பணத்த திருப்பி கட்ட வேண்டியதா ஆயிடுச்சு.

எல்லாம் "எஸ்"னு இருந்தும் பணம் வரலன்னா 155261க்கு போன் போடுங்க. ரிஜிஸ்டர் நம்பர் கேப்பாங்க, அத பாஸ்புக் பின் அட்டையில பேனாவால எழுதி வச்சுடுங்க, நாங்க அப்படித்தான் வச்சிருக்கோம்.