வாரத்துக்கு 120 நிமிடம் மரத்தடியில்

நடைப்பயிற்சிக்கு நேரமே இல்லை என்பவர்களுக்காக இந்தக் குறிப்பு. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டுச் செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என வெளியே கழித்தவர்கள், உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஒரே நாளில் போனாலும் சரி, பிரித்துப் போனாலும் சரி, பலன் ஒன்றுதான். (நலமாக இருப்பவர்கள்தானே அதிகம் வெளியே போவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாள்பட்ட நோய் உள்ளவர்களிடமும் இதே போக்கு தெரிந்தது.)

ஆகவே ஆறு நாள், தினம் இருபது நிமிடம் போதும். தி.நகருக்குப் பொருள் வாங்கப் போனால் பனகல் பூங்காவில் கொஞ்சம் உட்காருங்கள். மயிலாப்பூர் பக்கம் என்றால் லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது. வேகமாக நடந்தே ஆக வேண்டும் என்பதில்லை. முட்டி வலிக்கும் பெரியவர்களை பெஞ்சில் உட்கார வைத்தாலே நல்லது. போனை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு ஜன்னல். அமெரிக்காவில் பித்தப்பை அறுவை முடிந்தவர்களைப் பற்றிய 1984 ஆய்வில், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட மரங்களைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால், வேப்பமரமோ புங்கமரமோ தெரியும் பக்கமாகக் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள்.

சில பூங்காக்களை நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள், நேரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.