முன் சக்கர ஹப் ஸ்டட்கள் முறியாமல் காப்பது எப்படி?

பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் போன்ற, ஒரே தண்டான முன் அச்சு கொண்ட வண்டிகளில், லாக்கிங் ஹப்பை (முன் அச்சின் சுழற்சியைச் சக்கரத்தோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் பூட்டை) சக்கர ஹப்போடு, அதாவது சக்கரத்தின் மையப் பாகத்தோடு, பிணைப்பவை சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஆறு 8 மில்லிமீட்டர் ஸ்டட்களே (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத போல்ட்கள்). கியர்பாக்ஸ், விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் வழியே பெருகிவரும் முறுக்குவிசை, சக்கரத்தைச் சேர்வதற்கு முன் கடக்கும் கடைசி இணைப்பு இதுதான். ஸ்டட் முறிந்துபோனால் அது பலமற்றது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் முதலில் நட் தளர்ந்திருக்கும். முறிவு அதன் பின்விளைவாகவே வந்திருக்கும். ஆகவே தளர்வதைத் தடுப்பதில்தான் நம் கவனம் முழுவதும் இருக்க வேண்டும்.

இதை ஒரு கணக்கால் தெளிவாக்கலாம். ஒரு முன் சக்கரத்தின் மீது 700 கிலோ எடை இருப்பதாகவும், டயரின் ஆரம் 40 சென்டிமீட்டர் என்றும், பாறையின் மீது அதன் உராய்வுக் கெழு 0.8 என்றும் வைத்துக்கொண்டால், டயர் வழுக்குவதற்கு முன் அந்த இணைப்பின் மீது ஏறத்தாழ 2,200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரக்கூடும். நட்டுகளை 31 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கும்போது ஒவ்வொரு ஸ்டட்டும் சுமார் 19,000 நியூட்டன் விசையோடு இரு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. ஸ்டட்கள் 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் அமைந்திருந்தால், இந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வு 900 நியூட்டன் மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே தாங்கும். மீதியைச் சுமப்பவை ஸ்டட்டைச் சுற்றித் துளையில் ஆப்புபோல இறுகும் கூம்பு வாஷர்களும், இருந்தால் டோவல் பின்களும் (இரு பாகங்களின் துளைகளிலும் இறுக்கமாகச் செருகப்படும் மரையில்லாத முளைகள்). நட் தளர்ந்ததும் உராய்வு போய்விடுகிறது, கூம்பு வாஷரின் பிடியும் விட்டுவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதும் ஸ்டட் முன்னும் பின்னும் வளைந்து வளைந்து சோர்ந்துபோகிறது.

முறிந்த ஸ்டட்டை எறிந்துவிடாமல், அதன் முறிமுகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அலை வந்து போன மணலில் தெரிவது போன்ற மெல்லிய வளைகோடுகள் ஒரு விளிம்பிலிருந்து பரவி, கடைசியில் ஒரு சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால், அது பல நாள் தளர்ச்சியால் வந்த சோர்வு முறிவு. முறிந்த இடத்தருகே தண்டு இழுபட்டு மெலிந்திருந்தால், யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். ஹப்பின் பொருத்து விளிம்பில் செம்பழுப்புத் தூள் படிந்திருப்பதும் முக்கியமான அடையாளம். இரு உலோகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டிருக்கின்றன என்பதை அது முறிவுக்கு முன்பே சொல்லிவிடுகிறது.

கழற்றும்போது நட்டை ஸ்டட்டின் நுனி வரை தளர்த்தி, அதிலேயே விட்டுவைத்து, ஹப்பின் பக்கவாட்டில் பித்தளைச் சுத்தியலால் தட்டினால் கூம்பு வாஷர்கள் பிடியை விட்டு வெளிவரும். இரும்புச் சுத்தியலால் ஸ்டட்டை நேரடியாக அடித்தால் மரை நசுங்கிவிடும். வந்த வாஷர்களில் கீறல், தேய்மானம், வாய் விரிந்த தன்மை தெரிந்தால் அவற்றை மீண்டும் போட வேண்டாம். ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் ஆறையும் மாற்றுவதே சரி. மற்ற ஐந்தும் அதே சோர்வை அனுபவித்தவைதாம்.

புதிய ஸ்டட்டைப் பொருத்துவதில் அவசரம் கூடாது. துளையின் மரையைச் சரியான டேப்பால் (மரை வெட்டும் கருவியால்) சுத்தம் செய்து, பழைய பசையின் துணுக்குகளை நீக்கி, பிரேக் கிளீனரால் கழுவி, உலரவிட வேண்டும். எண்ணெய்ப் பசை துளியளவு மிஞ்சினாலும் மரைப்பூட்டுப் பசை பிடிக்காது. சக்கர ஹப்புக்குள் செல்லும் முனையில் சிவப்பு நிறத்தில் வரும் உயர்வலுப் பசையை இட்டு, இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, அவற்றின் உதவியால் ஸ்டட்டை அடிவரை திருகி, ஒரு நாள் இறுகவிடுங்கள். பின்னாளில் இதைக் கழற்ற ஏறத்தாழ 260 டிகிரி வெப்பம் தேவைப்படலாம் என்பதால், அப்போது ஹப்பை வெளியே எடுத்து, பேரிங்கையும் கிரீஸையும் அகற்றிவிட்டே சூடேற்ற வேண்டும்.

பொருத்துப் பரப்புகளில் கிரீஸ் இருக்கக் கூடாது. பழைய கேஸ்கட் துணுக்குகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய புதிய கேஸ்கட் ஒன்றை மட்டும் போடுங்கள். காகிதக் கேஸ்கட் ஓட ஓட அமுங்கும். அது அமுங்கும் அளவுக்கு ஸ்டட்டின் இழுப்பும் குறையும். தளர்ச்சிக்கு நான் அடிக்கடி காணும் காரணம் இதுவே. நட்டுகளை எதிரெதிர் வரிசையில், இரண்டு மூன்று சுற்றுகளாக, டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குங்கள். 31 நியூட்டன் மீட்டர் என்பது இந்த டொயோட்டா ஹப்புக்கு உரிய அளவு; உங்கள் வண்டி வேறென்றால் அதன் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். நட் ஏறும் மரை உலர்ந்திருப்பது அவசியம். எண்ணெய் தடவிய மரையில் அதே 31 நியூட்டன் மீட்டர், ஸ்டட்டை ஏறத்தாழ 26,000 நியூட்டன் வரை இழுத்துவிடும். 8.8 வலிமைத் தரத்து 8 மில்லிமீட்டர் ஸ்டட், அந்த விசையில் மீண்டு வர முடியாதபடி நீண்டுவிடும்.

10.9 போன்ற உயர்தர ஸ்டட்களை வாங்குவது நல்லதுதான், ஆனால் தளர்ந்த நட்டுக்கு அது மருந்தாகாது. பெரிய டயர் போட்டிருப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது டோவல் பின்களையே. டயரின் ஆரம் 39 சென்டிமீட்டரிலிருந்து 47 ஆனால், அதே பிடிமானத்தில் ஹப்பின் மீது வரும் முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. பின்களுக்கான துளைகளைக் கண்ணளவில் போடாமல், வழிகாட்டி அச்சு வைத்துத் துளைத்து, துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் ரீமரால் சரிசெய்ய வேண்டும். ஆட்டம் உள்ள பின் எந்தச் சுமையையும் பகிராது.

பேரிங்கையும் மறக்காதீர்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஓட்டும்போது ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்த நிலையில் வேகம் கொடுப்பதையும், காற்றில் சுழலும் சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி இருப்பதையும் தவிர்க்க வேண்டும்.

இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து ஹப் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் பயணத்திற்குப் பின் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். அதன்பின் கடினமான ஒவ்வொரு பாதைக்கும் பிறகு அந்தக் கோட்டை மட்டும் பார்த்தால் போதும். வழியிலேயே கோடு விலகியிருப்பதைக் கண்டால், நிறுத்தி நட்டை இறுக்குங்கள். ஸ்டட்டே முறிந்திருந்தால், இரு பக்க ஹப்பையும் ஃப்ரீ நிலைக்குத் திருப்பி, பின் சக்கர இழுவையில் மட்டும் மெதுவாக வெளியேறுங்கள்.