இயற்கை நெல் வயலில் பசுந்தாளும் புதுக் கருவிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலைச் சமப்படுத்தும் லேசர் மட்டம், இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை, ட்ரோன், போனில் செயற்கைக்கோள் படம் என்று இயற்கை முறையில் நெல் போடுகிறவர்களிடமும் இப்போது கருவிகள் வந்துவிட்டன. நல்லதுதான், வரட்டும். ஆனால் இவற்றில் பலவற்றின் கணக்கு யூரியா போடும் வயலை வைத்துப் போட்டது. யூரியா தூவினால் சில நாட்களில் இலை நிறம் மாறும். தக்கைப்பூண்டு மாதிரிப் பசுந்தாள் செடியை உரத்துக்காகவே வளர்த்துப் பச்சையாக மடக்கி உழுத வயலில், தழை மட்கி, நுண்ணுயிர்கள் வேலையை முடித்த பிறகுதான் தழைச்சத்து (நைட்ரஜன்) பயிருக்குப் போகும். இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல் கருவி சொல்வதை அப்படியே செய்வதில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

மீதிப் பாதி, வேலைகளை முன்பின்னாகச் செய்வது. இரண்டு மூன்று வருடம் பசுந்தாள் போட்டு மண்ணைத் தேற்றிவிட்டு அப்புறம் லேசர் வண்டியைக் கூப்பிடுகிறார்கள். அது மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வெட்டுப்பட்ட இடத்தில் நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த மேல்மண் போய், உயிரில்லாத அடிமண் வெளியே வந்துவிடும். அதனால் முதலில் மட்டம், பிறகு பசுந்தாள். கோடையில் மண் காய்ந்திருக்கும்போது மட்டப்படுத்துங்கள், அடுத்து வரும் மழையில் தக்கைப்பூண்டோ சணப்போ விதையுங்கள், வெட்டுப்பட்ட இடத்தில் விதையும் தொழுவுரமும் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள். மேடு ரொம்ப உயரமாக இருந்தால் முழு வயலையும் ஒரே மட்டமாக்கப் பார்க்காமல், நடுவில் வரப்பு போட்டு இரண்டு வயலாக்கிவிடுவது மேல்மண்ணுக்கு நல்லது.

தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 முதல் 50 நாளில், பூவெடுக்கும் நேரத்தில் மடக்கி உழ வேண்டும். "இன்னும் பத்து நாள் நிற்கட்டும், தழை கூடும்" என்ற ஆசைதான் இங்கே ஆபத்து. தழை கூடும், உண்மை. ஆனால் தண்டு நார் பிடித்துவிடும், அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தாங்களே எடுத்துக்கொள்ளும், நட்ட நாற்று வெளுத்து நிற்கும். இதற்கு நேர் எதிரான தவறு, டிராக்டரில் பூட்டும் ரோட்டவேட்டரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு மறுநாளே நடவு வைப்பது. தண்ணீர் கட்டிய சேற்றில் பச்சைத்தழை அழுகும்போது அமிலங்களும் நச்சு வாயுக்களும் உண்டாகி வேர் கறுத்துப்போகும். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

பசுந்தாள் விதைத் தேர்விலும் ஒரு வார்த்தை. மணிலா அகத்தி பகல் நீளமாக இருக்கும் மாதங்களில்தான் தழைக்கும், பகல் குறுகினால் சீக்கிரமே பூத்து நின்றுவிடும். கொளுஞ்சி விதையின் தோல் கெட்டி, மணலோடு தேய்த்தோ வெந்நீரில் சிறிது நேரம் நனைத்தோ போடாவிட்டால் முளைப்பு சொதப்பும்.

இலை வண்ண அட்டைக்கு வருவோம். அதில் பச்சைப் பட்டைகளுக்கு எண் உண்டு, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4, இலை நிறம் அதற்குக் கீழே போனால் தழைச்சத்து கொடு என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. இதை மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயரமாக வளரும் பாரம்பரிய ரகத்தில் வைத்துப் பார்த்து, எண் குறைகிறதே என்று பதறி, பிண்ணாக்கை அள்ளிக் கொட்டுகிறார்கள். அந்தச் சத்து தாமதமாக வந்து சேரும், பயிர் மதமதவென்று வளரும், வடகிழக்குப் பருவமழையில் மொத்தமாகச் சாயும். எண்ணைவிடப் போக்கைப் பாருங்கள். வாரம் ஒரு தடவை, காலையில், முழுதாக விரிந்த மேல் இலை பத்தில், உங்கள் உடம்பின் நிழலில் வைத்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். நிறம் தொடர்ந்து இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

மண்ணுக்குள் நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வயலில் நடும் தண்ணீர்க் குழாய் (30 செ.மீ. நீளம், ஓட்டை போட்ட பகுதி மண்ணுக்குள், நீர்மட்டம் 15 செ.மீ. கீழே இறங்கினால் பாய்ச்சல்) உண்மையிலேயே நல்ல கருவி, செலவும் சொற்பம். ஆனால் களைக்கொல்லி இல்லாத வயலில் நட்ட உடனே காயப்போட ஆரம்பித்தால் களை முந்திக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று வாரம் மெல்லிய நீர் நிற்கட்டும், களையை அமுக்கும் உருளைக் கருவியான கோனோவீடர் ஓட்டவும் அது வேண்டும். மட்டமில்லாத வயலில் ஒரே குழாயை நம்பாதீர்கள், அது தான் நிற்கிற இடத்தின் நிலவரத்தை மட்டுமே காட்டும்.

செயற்கைக்கோள் படத்தைத்தான் நம் ஆட்கள் தப்பான பருவத்தில் பார்க்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஒரு ஏக்கருக்குச் சுமார் 40 புள்ளி, அதிலும் ஓரத்துப் புள்ளிகளில் வரப்பும் பக்கத்து வயலும் கலந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில் மேகம் மறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குக் களையும் பச்சை, நெல்லும் பச்சை. அந்தப் படத்தைப் பசுந்தாள் நிற்கும்போது பாருங்கள். ஒரே நாளில், ஒரே விதையளவில் விதைத்த தக்கைப்பூண்டு எங்கே சோப்ளாங்கியாக நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கு நேரில் நடந்து போய் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். தண்ணீர் தேங்குகிறதா, அடியில் இறுகியிருக்கிறதா, உவரா? நடவுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், தொழுவுரத்தை எங்கே கொட்டலாம் என்றும் முடிவு செய்துகொள்ளலாம். அரசு மண் பரிசோதித்துத் தரும் மண்வள அட்டையை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு, அந்த மண் உங்கள் வயலில் எடுத்ததாகவே இல்லாமல் இருக்கலாம்.

கடைசியாக ட்ரோன். பஞ்சகவ்யா 3 சதவீதம் என்பது கைத்தெளிப்பானுக்குச் சொன்னது. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 6 லிட்டர் பஞ்சகவ்யா. ட்ரோன் ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர்தான் தெளிக்கும். அதே 3 சதவீதம் என்றால் 300 மில்லிதான் போய்ச்சேரும், 6 லிட்டரையும் ஊற்றினால் பாதிக்கு மேல் பஞ்சகவ்யாதான், ட்ரோனின் தெளிப்பு முனை அடைத்துக்கொள்ளும். இதைவிடப் பெரிய விஷயம், வாடகை ட்ரோனின் தொட்டியில் நேற்று என்ன இருந்தது என்பது. பூச்சிக்கொல்லி மிச்சம் கலந்து, பரிசோதனையில் அது தெரிந்தால், இயற்கை விளைபொருள் என்று காட்டும் அங்ககச் சான்றிதழுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தது வீணாகும். உங்கள் கண் முன்னால் தொட்டியையும் குழாயையும் கழுவச் சொல்லுங்கள், கழுவிய தண்ணீர் வயலில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவடை இயந்திரத்துக்கும் இதே கறார் வேண்டும், முந்தின வயலின் நெல் அதற்குள் கிலோக்கணக்கில் தங்கியிருக்கும்.