வயது கடந்து கல்லூரிக்குப் போகிறீர்களா? அமெரிக்காவில் கல்வி மானியம் தேடும் முறை

உதவித்தொகை என்றாலே பள்ளி முடித்த பிள்ளைகளுக்குத்தான் என்று நினைத்து, பல பெரியவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை. ஆனால், வருமானம் குறைந்த இளங்கலை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் மானியமான பெல் கிராண்டுக்கு வயது வரம்பு கிடையாது. பகுதிநேரமாகப் படித்தாலும் தொகை குறையுமே தவிர, கிடைக்கும். 2025-26 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

படி 1: ஃபாஃப்ஸா படிவம்

ஃபாஃப்ஸா (FAFSA) என்பது மத்திய அரசின் கல்வி நிதியுதவிக்கான விண்ணப்பம். குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மத்திய அரசின் ஸ்டூடன்ட் எய்ட் இணையதளத்தில் இதை இலவசமாக நிரப்பலாம். நிரப்பித்தரக் கட்டணம் கேட்கும் தளங்களை அப்படியே மூடிவிடுங்கள். மணமானவர்கள், பிள்ளைகளைப் பராமரிப்பவர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோர் பெற்றோரின் வருமானத்தைக் காட்ட வேண்டாம். வயதை வைத்தும் இந்த விலக்கு உண்டு: 2026-27 படிவத்துக்கு 2003 ஜனவரி 1-க்கு முன் பிறந்திருந்தால் போதும். ஆனால் கணவர் அல்லது மனைவியின் வருமானம் கணக்கில் வரும். பல மாநில மானியங்களுக்கும் கல்லூரி மானியங்களுக்கும் இதே படிவம்தான் அடிப்படை. சில நிதிகள் முந்தியவர்களுக்கே கிடைத்துத் தீர்ந்துவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

படி 2: கையில் பட்டம் இருக்கிறதா?

நம்மவர்கள் பலர் இடறுவது இங்கேதான். இளங்கலைப் பட்டம் பெற்றவருக்குப் பொதுவாகப் பெல் கிராண்ட் இல்லை. அது இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கிய பட்டமாக இருந்தாலும் விதி அதுவே. மறைக்க நினைக்க வேண்டாம். இவர்களுக்கு அடுத்த படிகள்தான் முக்கியம்.

படி 3: கல்லூரியின் நிதியுதவி அலுவலகம்

ஃபாஃப்ஸா படிவம் பார்ப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தை. 2026-27-க்கு 2024-ஆம் ஆண்டின் வரிக்கணக்கு. அப்போது முழுநேர வேலையில் இருந்து, இப்போது அதை விட்டுவிட்டுப் படிக்க வருகிறவர் காகிதத்தில் வசதியானவராகவே தெரிவார். வேலை இழப்பு, மணமுறிவு, பெரும் மருத்துவச் செலவு போன்ற மாற்றங்கள் இருந்தால், உங்கள் நிலையை மறுபரிசீலனை செய்யும்படி அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். சட்டம் அவர்களுக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் பணிநீக்கக் கடிதம், மருத்துவமனை ரசீது என்று சான்றுகளோடு போவது நல்லது. கேட்காதவருக்கு யாரும் தாமாக முன்வந்து இதைச் செய்வதில்லை.

படி 4: வேலை தரும் நிறுவனம்

ஒரு நிறுவனம் தன் ஊழியரின் படிப்புக்கு ஆண்டுக்கு 5,250 டாலர் வரை தந்தால், அதற்கு நீங்கள் மத்திய வருமான வரி கட்ட வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் இத்திட்டம் உண்டா, எவ்வளவு காலம் பணியில் நீடிக்க வேண்டும் என்று மனிதவளத் துறையிடம் வகுப்பில் சேர்வதற்கு முன்பே விசாரியுங்கள்.

படி 5: தனியார் உதவித்தொகைகள்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான ஜீனெட் ராங்கினின் பெயரிலான நிதி, 35 வயது அல்லது அதற்கு மேற்பட்ட, வருமானம் குறைந்த பெண்களுக்கானது. சொராப்டிமிஸ்ட் என்னும் பெண்கள் தன்னார்வ அமைப்பின் 'லிவ் யுவர் ட்ரீம்' விருது, குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு. முன்பணம் கேட்பவர்களும், "நிச்சயம் கிடைக்கும்" என்பவர்களும் மோசடிக்காரர்கள்.

கல்லூரியிலிருந்து வரும் உதவிக் கடிதத்தில் மானியமும் கடனும் ஒரே பட்டியலில் கலந்திருக்கும். வரிவரியாகப் பிரித்துப் படியுங்கள். மானியத்தை ஏற்றுக்கொண்டு, கடனை மட்டும் குறைக்கவோ மறுக்கவோ உங்களுக்கு உரிமை உண்டு.