பில்லி ஹாலிடே மறுவெளியீடுகள்: கேட்கும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்கப் பாடகி பில்லி ஹாலிடேயின் ஜாஸ் பாடல்களைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ‘சிறந்த 20 பாடல்கள்’ மாதிரி ஏதாவது ஒரு தொகுப்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். அங்கேதான் முதல் சறுக்கல். 1936-இல் பாடியதும் 1958-இல் பாடியதும் தேதியே இல்லாமல் அடுத்தடுத்து வரும். 21 வயதுப் பெண்ணின் துள்ளலும், 40 தாண்டி உடல் நலிந்த பிறகு வந்த கரகரப்பும் மாறி மாறிக் கேட்டால் அவருடைய குரலே பிடிபடாது. பதிவான ஆண்டைப் போடாத தொகுப்பை நான் வாங்கவே மாட்டேன்.

தோராயமான கணக்கு இது: 1933 முதல் 1942 வரை உள்ளவை இன்று கொலம்பியா என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரில் வருகின்றன. 1944 முதல் 1950 வரை டெக்கா நிறுவனம். 1950-களில் பெரும்பாலும் நார்மன் கிரான்ஸ் தயாரித்தவை.

அடுத்தது, இரைச்சலே இல்லாத பதிப்புதான் நல்ல பதிப்பு என்ற நினைப்பு. எனக்கு இதில்தான் மிகவும் வருத்தம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத்து இசைத்தட்டில் ஊசி உரசும் சத்தம் இருக்கும். அதை அளவுக்கு மீறித் துடைத்தால், அதே உயர் ஒலிகளில் இருக்கும் மூச்சும் மெய்யெழுத்துகளின் கூர்மையும் சேர்ந்து போய்விடும். பில்லி தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சொல்லை வைப்பவர். ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் அவர் பாட்டே இருக்கிறது. அந்த விளிம்பு மழுங்கினால் வெறும் மெட்டுதான் மிஞ்சும். அதனால் ஒரே பாடலை இரண்டு பதிப்புகளில் கேட்டுப் பாருங்கள். டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் என்ற உலோகத் தாளத்தின் சலசலப்பு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் அந்தப் பதிப்பு வேண்டாம். லேசான இரைச்சல் இரண்டு நிமிடத்தில் காதுக்குப் பழகிவிடும். பழைய மோனோ பதிவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய தட்டுகளும் வேண்டாம்.

1930-களின் பாடல்களில் அவர் குரல் வரும்வரை ஓட்டிவிடுவது இன்னொரு தவறு. பியானோ கலைஞர் டெடி வில்சன் குழுவோடு பாடியவற்றில் பல சமயம் வாத்தியங்கள் ஒரு சுற்று முடித்த பிறகுதான் அவர் நுழைவார். லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் அவர் வரிகளுக்கு இடையே பேசுவதை 1937 பதிவுகளில் கேளுங்கள். முன்னால் வந்ததைத் தாண்டியிருந்தால் அந்தப் பேச்சு பாதிதான் புரியும்.

அப்புறம், முழுத் தொகுப்பு வாங்கியவர்கள் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். ஒரே பாடலின் இரண்டு மூன்று பதிவுகள் வரிசையாக வந்து அலுப்பைத் தரும். அவை தட்டுக்கு ஒரு பக்கம், மூன்று நிமிடம் என்று வந்த பாடல்கள். நாளுக்கு நான்கு போதும்.

1958-இல் வந்த ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்தை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். குரல் உடைந்திருக்கும், வயலின்கள் சூழ்ந்திருக்கும். அதற்கடுத்த ஆண்டு அவர் இறந்துவிட்டார். 1937-இன் குரல் மனதில் பதிந்த பிறகு, ஒரு இரவில், தனியாக அதைக் கேளுங்கள்.